கடைசிக் கைக்கும் ஒரு கையுறை

நான் நர்ஸிங் படித்தது 1980களின் கடைசியில். அப்போதெல்லாம் கையுறையை ஒருமுறை போட்டுக் கழற்றி எறிந்துவிட முடியாது. ஆபரேஷன் முடிந்து டாக்டர்கள் கழற்றிப்போட்ட ரப்பர் கையுறைகள் பேசினில் குவிந்து கிடக்கும். அவற்றைச் சோப்புத் தண்ணீரில் உள்ளும் புறமும் கழுவ வேண்டும். தண்ணீர் நிரப்பி விரல் விரலாக அழுத்திப் பார்த்து ஓட்டையில்லாததைப் பிரித்தெடுக்க வேண்டும். உலர்த்திப் பவுடர் தடவி, ஆறரை, ஏழு என்று அளவு பார்த்து ஜோடி சேர்த்து, துணிப் பையில் மடித்து ஆட்டோகிளேவுக்கு அனுப்ப வேண்டும். மாணவிகளான எங்களுக்கு மாலை டியூட்டியில் பாதி நேரம் இதிலேயே போகும். சாப்பிட உட்கார்ந்தால் சோற்றிலும் பவுடர் வாசனை அடிக்கும்.

ஓட்டை விழுந்ததையும் எறிய மாட்டார்கள். சின்ன ஓட்டை என்றால் பழைய கையுறையிலிருந்து ஒரு துண்டு வெட்டி ஒட்டுப் போடுவோம். அது எனிமா கொடுக்க, சீழ்ப் புண் கழுவ என்று வார்டுக்கு வரும். வார்டிலும் கிழிந்த பிறகு ஆயாம்மாக்களிடம் போகும். பெட்பேன் கழுவுவதும், ரத்தத் துணி அலசுவதும், பிரசவ அறைத் தரையைத் துடைப்பதும் அவர்கள்தான். அதிக அசுத்தத்தில் கை வைக்கிறவருக்கு அதிகம் கிழிந்த கையுறை. இப்படித்தான் தர வேண்டும் என்று யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் நான் பார்த்த எல்லா வார்டிலும் அதே வரிசைதான் நடந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆபரேஷன் அறைக்குள் ரப்பர் கையுறை வந்ததே ஒரு நர்ஸின் கையைக் காப்பாற்றத்தான். 1889-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கரோலின் ஹாம்ப்டன் என்ற நர்ஸுக்குக் கிருமிநாசினித் திரவம் பட்டுப் பட்டுக் கை வெந்துபோயிற்று. வேலையை விட்டுப் போய்விடுவாரோ என்று பயந்த அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட், குட்இயர் ரப்பர் கம்பெனியில் சொல்லி மெல்லிய கையுறை செய்து வாங்கிக் கொடுத்தார். அடுத்த வருடம் அவர்கள் கல்யாணமும் செய்துகொண்டார்கள். நோயாளிக்குத் தொற்று வராமலிருக்கவும் அது உதவும் என்பது பிற்பாடுதான் விளங்கியது.

எங்கள் தலைமுறையில் கையுறை கழுவும் வேலைக்கு முற்றுப்புள்ளி வைத்தது எச்.ஐ.வி. 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோதுதான் இந்தியாவில் அந்தக் கிருமி முதன்முதலாகப் பிடிபட்டது. செய்தி எங்கள் திருச்சி வார்டுகளுக்கு முதலில் பயமாகத்தான் வந்து சேர்ந்தது. கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் எழுதுவது, கட்டிலை மூலைக்குத் தள்ளுவது, அந்த ஒருவருக்கு மட்டும் இரண்டு ஜோடி கையுறை போடுவது என்று சில காலம் போயிற்று. அதன் பிறகுதான் பயிற்சி வகுப்புகளில் வேறு பாடம் சொல்லித் தந்தார்கள். யாருக்கு என்ன கிருமி இருக்கிறது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது; ஆகவே எல்லார் ரத்தத்தையும் ஒரே மாதிரி நடத்து, ஊசியைத் திரும்ப மூடாதே, வெறுங்கையோடு தொடாதே. ஒருமுறை போட்டு எறிகிற கையுறைகள் பெட்டி பெட்டியாக வர ஆரம்பித்தன. ஆயாம்மாக்களுக்கும் வந்தன, ஆனால் பெட்டி எப்போதும் எங்கள் மேஜையில் இருக்கும், அவர்கள் வந்து கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

2020-க்கு வருகிறேன். ஜனவரி 30-ஆம் தேதி கேரளத்தில் இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி. மார்ச் 7-இல் தமிழ்நாட்டில் முதல் ஆள். மார்ச் 24 நள்ளிரவில் ஊரடங்கு. திருச்சியில் புத்தூர் பெரியாஸ்பத்திரியில், அதாவது மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில், தனி வார்டு போட்டார்கள். பிறகு மற்ற மருத்துவமனைகளிலும் திறந்தார்கள். நான் வேலை பார்த்த இடத்தின் பெயர் இங்கே வேண்டாம். காவிரிக்குத் தெற்கே, ஊருக்கு நடுவே இருந்த ஒரு மருத்துவமனை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாட்களில் எங்களுக்குக் கிடைத்தது மழைக்கோட்டு. டூ வீலர்காரர்கள் போடுகிற அதே பிளாஸ்டிக் கோட்டு. முகத்துக்கு ஓ.எச்.பி. ஷீட்டில் ஸ்பாஞ்சும் எலாஸ்டிக்கும் ஒட்டி நாங்களே ஷீல்டு செய்துகொண்டோம். பி.பி.இ. கிட் என்ற சொல் தினத்தந்தி தலைப்பில் வந்துவிட்டது, கிட்தான் வரவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. தலை முதல் கால் வரை மூடுகிற கவரால் அதுவரை இந்தியாவில் அநேகமாகத் தயாராகவே இல்லை. துணி கிடைத்தால் போதாது. தைத்த இடத்தில் ஊசி போட்ட ஓட்டை வழியாக ரத்தமும் சளியும் உள்ளே வரும் என்பதால் தையல் மேல் சூட்டில் டேப் ஒட்ட வேண்டும். அந்த டேப்பும் இல்லை, ஒட்டுகிற மெஷினும் போதவில்லை. தைத்து வந்த உடுப்பு தாங்குமா என்று செயற்கை ரத்தத்தை அழுத்திப் பீய்ச்சிப் பார்க்கிற சோதனைக்கு நாட்டில் அன்றைக்கு முக்கியமான இடம் கோயம்புத்தூரில் இருக்கும் சிட்ரா, தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம். பனியன் தைத்துக்கொண்டிருந்த திருப்பூர் யூனிட்டுகள் கவரால் தைக்கத் தொடங்கின. மே மாதத்துக்குள் நாடு முழுக்க ஒரு நாளைக்கு இரண்டு லட்சத்துக்கும் மேல் கிட் தயாராகும் நிலை வந்துவிட்டது. இவ்வளவு வேகமாக நம் ஊரில் எதுவும் நடந்து நான் பார்த்ததில்லை.

கிட் வந்த பிறகு வேறு பாடு. சித்திரை வெயில் திருச்சியில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காற்று ஒரே இடத்தில் சுற்றக்கூடாது என்று ஏ.சி.யை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். பிளாஸ்டிக் பூச்சு போட்ட உடுப்புக்குள் வியர்வை முழங்கால் வழியாக ஷூ கவருக்குள் இறங்கும். போட்டால் டியூட்டி முடிகிற வரை தண்ணீர் கிடையாது, பாத்ரூம் கிடையாது. ஒரு கிட்டைக் கழற்றினால் இன்னொரு கிட் செலவு என்பதால் யாருக்கும் கழற்ற மனசு வராது. மாதவிடாய் நாட்களில் சின்னப் பெண்கள் பட்ட பாட்டை அவர்கள்தான் சொல்ல வேண்டும். சிலர் டயப்பர் கட்டிக்கொண்டு வந்தார்கள். கண்ணாடியில் ஆவி படியும். உள்பக்கம் சோப்பைத் தேய்த்துத் துடைத்தால் கொஞ்ச நேரம் தெரியும். இரண்டு கையுறைக்கு மேலே நாடியும் பிடிபடாது, நரம்பும் தட்டுப்படாது. ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் வைக்க வழியே இல்லை.

எல்லாரும் வெள்ளையாக ஒரே மாதிரி இருந்ததால் முதுகில் மார்க்கர் பேனாவால் பேர் எழுதிக்கொள்வோம். நோயாளிகளுக்கு எங்கள் முகமே தெரியாது. டிஸ்சார்ஜ் ஆன பெரியவர் ஒருவர், ‘உங்க கையை மட்டும் தெரியும்மா’ என்று என் கையுறையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

என்-95 முகக்கவசத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நெருக்கமாகப் பின்னிய சல்லடை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பாதிதான் உண்மை. உள்ளே இருக்கிற இழைகளில் மின்னூட்டம் ஏற்றி வைத்திருக்கிறது. மிக நுண்ணிய துகளை அது இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் மூச்சும் விட முடிகிறது, கிருமியும் உள்ளே வருவதில்லை. இந்த வித்தையைச் செம்மையாக்கியவர் தைவானில் பிறந்த பீட்டர் சாய். ஓய்வு பெற்று வீட்டிலிருந்த அவர், 2020-இல் தட்டுப்பாடு வந்ததும் ஒரே கவசத்தை எப்படித் திரும்பப் பயன்படுத்தலாம் என்று மறுபடி ஆராய்ச்சியில் இறங்கினார். அதற்கு நூறு வருடத்துக்கும் முன்னாலேயே, 1910 குளிர்காலத்தில், மஞ்சூரியாவில் பிளேக் பரவியபோது பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியென் டே, நோய் மூச்சுக்காற்றில் பரவுகிறது என்று சொல்லிப் பஞ்சும் துணியும் அடுக்கிய முகக்கவசத்தை எல்லாருக்கும் கட்டச் சொன்னார். அதை நம்பாத மூத்த பிரெஞ்சு டாக்டர் ஒருவர் வெறும் முகத்தோடு வார்டுக்குப் போனார். சில நாளில் பிளேக்கிலேயே இறந்தார்.

எங்களுக்கும் என்-95 தட்டுப்பாடுதான். பேர், தேதி எழுதிய காகித உறையில் போட்டு, இன்றைக்கு ஒன்று நாளைக்கு வேறொன்று என்று மாற்றி மாற்றிக் கட்டினோம். நனைக்கக்கூடாது, சோப்புப் போடக்கூடாது, மின்னூட்டம் போய்விடும் என்று வகுப்பு எடுத்தார்கள். அந்த வகுப்பு டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் மட்டும்.

எங்கள் வார்டைக் கூட்டித் துடைத்த அக்கா ஒருவர் இருந்தார். கான்ட்ராக்ட் ஆள். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கத்துக் கிராமம். பஸ் இல்லாத நாட்களில் மகன் சைக்கிளில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவான். ஒரு காலையில் அவருடைய என்-95 பளிச்சென்று இருந்ததைப் பார்த்து, ‘புதுசா அக்கா?’ என்றேன். ‘இல்ல சிஸ்டர், நேத்து நல்லா சோப்புப் போட்டு அலசி மாடியில காயப்போட்டேன். அழுக்கா கட்டிக்கிட்டு வந்தா நல்லாவா இருக்கும்?’ என்றார். சுத்தத்தில் அவருக்கு இணை எங்கள் வார்டில் ஒருவரும் இல்லை. அந்தச் சுத்தத்தாலேயே கவசம் வெறும் துணியாகிவிட்டது. அவருக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை.

பிறகுதான் ஸ்டாக் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். டாக்டர், ஸ்டாஃப் நர்ஸ், டெக்னீஷியன் என்று வரிசையாகக் கட்டம் போட்டு கிட் எண்ணிக்கை எழுதியிருந்தது. தூய்மைப் பணியாளருக்குக் கட்டமே இல்லை. அவர்கள் கான்ட்ராக்ட் ஆட்கள், அவர்களுக்குக் கொடுப்பது கான்ட்ராக்டர் பொறுப்பு என்றார்கள். கான்ட்ராக்டர் கொடுத்தது துணி கவுனும் கடையில் வாங்கிய மெல்லிய கையுறையும். அந்த அக்காவுக்கு என்-95 வந்ததே ஒரு சிஸ்டர் தன் பங்கிலிருந்து கொடுத்ததால்தான்.

இதில் இருக்கிற அநியாயம் புரிய வேண்டுமானால் வார்டில் யார் என்ன தொடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். டாக்டர் ரவுண்டு வந்து போய்விடுவார். நாங்கள் மருந்து, ஊசி, ஆக்ஸிஜன் என்று கட்டிலருகே இருப்போம். அந்த அக்காவோ வாந்தியைத் துடைப்பார், கழிவறையைக் கழுவுவார், ஹைப்போ கரைசல் ஊற்றித் தரையைத் தேய்ப்பார். அதற்கும் மேலே ஒன்று. நாங்கள் கழற்றிப் போட்டது எல்லாம் அவர் கைக்குத்தான் போகும். கவராலும் கண்ணாடியும் கையுறையும் சிவப்புப் பையில், முகக்கவசமும் தொப்பியும் மஞ்சள் பையில். இரண்டு பைகளையும் வாய் கட்டி, எடை போட்டு, வண்டி வருகிற இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போவது அவர். எங்கள் மேல் படிந்த கிருமி அத்தனையும் கடைசியில் சேரும் இடத்தில், எல்லாரையும்விடக் குறைந்த பாதுகாப்போடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார்.

கிட்டைப் போடுகிறபோது பெரிய ஆபத்தில்லை. கழற்றுகிறபோதுதான் தொற்று வருகிறது. 2014-இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் எபோலா நோயாளி ஒருவரைக் கவனித்த இரண்டு நர்ஸ்களுக்கு உடுப்புப் போட்டிருந்தும் நோய் வந்தது. அதற்குப் பிறகுதான், கழற்றுகிறவர் பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் நின்று ஒவ்வொரு படியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று அங்கே விதி கொண்டுவந்தார்கள். எங்கள் வார்டிலும் அப்படித்தான் செய்தோம். வெளிக் கையுறை முதலில். பிறகு கைக்கு ஸானிடைஸர். கவராலை வெளிப்பக்கம் உள்ளே போகும்படி சுருட்டிக்கொண்டே இறக்க வேண்டும். முகக்கவசத்தின் முன்பக்கம் விரல் படாமல் பின்னாலிருந்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் நடுவே மறுபடி கை. டியூட்டி முடிந்த களைப்பில், கண் அரிக்கிறபோது கை தானாக முகத்துக்குப் போகும். ‘சிஸ்டர், கை!’ என்று எதிரே நிற்பவர் கத்த வேண்டும். அந்தச் சத்தம்தான் பலரைக் காப்பாற்றியது.

என் வீடு ஸ்ரீரங்கத்தில். மார்ச் மூன்றாம் வாரத்தில் நடை சாத்திய கோயில் செப்டம்பர் 1-இல்தான் பக்தர்களுக்குத் திறந்தது. அந்த வருடம் சித்திரைத் தேர் ஓடவில்லை. காவிரிப் பாலத்தில் போலீஸ் நிறுத்தி அட்டையைப் பார்த்து அனுப்புவார்கள். சத்திரம் பஸ் ஸ்டாண்டு வெறிச்சென்று கிடக்கும். அம்மா மண்டபத்தில் ஒரு குருவியும் இருக்காது. வீதிக்குள் வண்டி நுழைந்தால் திண்ணையில் நிற்பவர்கள் உள்ளே போய்விடுவார்கள். இத்தனைக்கும் இது வைத்தியத்தை மதித்த ஊர். கோயிலுக்குள் தன்வந்திரி சன்னதி இருக்கிறது. கருடவாகன பண்டிதர் என்ற வைத்தியர் இங்கே ஆரோக்கியசாலையைச் செப்பனிட்டதை 1493-ஆம் வருடத்துக் கல்வெட்டு சொல்கிறது. நோயாளியைத் தொட்டுவிட்டு வருகிறவளைக் கண்டு பயப்படுகிறார்களே என்று எனக்கு வருத்தம்தான். ஆனால் கோபப்படத் தோன்றவில்லை, அது எல்லாருக்கும் புதுப் பயம்.

பயப்படாத ஒருவர் எதிர்வீட்டுப் பாட்டி. தொண்ணூறை நெருங்கியவர். விடிகாலையில் குளித்து, கொடியில் கம்பால் எட்டிப் போட்டிருக்கும் புடவையை அதே கம்பால் எடுத்து உடுத்தி, சமையல் முடிகிற வரை யாரையும் எதையும் தொடாமல் இருக்கிறவர். தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே, ‘என்னடி பண்றா அங்கே உங்களை?’ என்று கேட்டார். கழற்றுகிற முறையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, ‘அப்போ இதுவும் மடிதானேடி. ஒண்ணு பட்டா எல்லாம் போச்சு’ என்றார். கமிட்டி போட்டு எங்களுக்குச் சொல்லித் தந்ததை அவர் ஒரு வரியில் பிடித்துவிட்டார். ஆனால் மடிக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற பெண் கொல்லை வழியாகத்தான் வருவார். மடி ஒருவரைக் காக்கும்போது இன்னொருவரைத் தள்ளியே நிறுத்தும். கிருமிக்கு முன்வாசல், கொல்லைவாசல் கணக்குத் தெரியாது. பின்பக்கமாக வருகிறவரைக் கவசமில்லாமல் விட்டுவிட்டு முன்பக்கத்தை எவ்வளவு மூடினாலும் அது உள்ளே வந்துவிடும்.

வார்டில் நாங்கள் செய்தது பெரிய போராட்டம் ஒன்றுமில்லை. ஸ்டாக் நோட்டில் கையால் இன்னொரு கட்டம் போட்டோம். தூய்மைப் பணியாளருக்கு இத்தனை என்று எழுதி இண்டென்ட் அனுப்பினோம். திரும்பி வந்தது, மறுபடி அனுப்பினோம். மார்ச் 26-இல் மத்திய அரசு அறிவித்த ஐம்பது லட்ச ரூபாய்க் காப்பீட்டில் தூய்மைப் பணியாளரும் உண்டு, செத்தால் கொடுக்கிற பட்டியலில் இருக்கிறவருக்குச் சாகாமலிருக்கிற பட்டியலிலும் இடம் கொடுங்கள் என்று எங்கள் மூத்த சிஸ்டர் மீட்டிங்கில் கேட்டார். அதற்குப் பிறகு கிட் வந்தது. கழற்றுகிற அறையில் அந்த அக்காவுக்கும் எதிரே ஒருவர் நின்று பார்த்துச் சொன்னோம். ஒரு மாதத்தில் அவர் எங்களைவிடத் தேறிவிட்டார். புதிதாக வந்த பயிற்சி டாக்டர்களைப் பார்த்து, ‘தம்பி, மூக்குப் பக்கம் கை போவுது’ என்று அவர்தான் அதட்டுவார்.

2021 மே மாதம் இரண்டாம் அலையில் கிட் தட்டுப்பாடு இல்லை. படுக்கைக்கும் ஆக்ஸிஜனுக்கும்தான் தவிப்பு. அப்போது அந்த வெள்ளை உடுப்பை வார்டுக்கு வெளியேதான் அதிகம் பார்த்தேன். ஆம்புலன்ஸ் டிரைவர்கள், பிணவறை ஊழியர்கள், ஓயாமரி சுடுகாட்டில் இரவு பகலாக நின்றவர்கள், சொந்தக்காரர்களே தொடப் பயந்த உடல்களை மதம் பார்க்காமல் எடுத்து அடக்கம் செய்த தமுமுக போன்ற அமைப்புகளின் தொண்டர்கள். முந்தைய வருடம் ஏப்ரலில் சென்னையில் கொரோனாவில் இறந்த டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் உடலை அடக்கம் செய்யப் போனவர்களைக் கல்லால் அடித்த நாட்டில், இவர்கள் அந்த வேலையைச் செய்தார்கள்.

இப்போது கிட்டுகளின் மிச்சம் ஸ்டோர் ரூம்களில் காலாவதியாகிக் கிடக்கிறது. நான் கவலைப்படுவது அதற்காக இல்லை. காசநோய் நம் வார்டுகளை விட்டு எங்கும் போகவில்லை. உலகத்துக் காசநோயாளிகளில் நான்கில் ஒருவர் இந்தியர். அதுவும் காற்றில்தான் பரவுகிறது, அதற்கும் என்-95தான் வேண்டும். ஆனால் இருமுகிறவருக்குப் பக்கத்தில் சர்ஜிகல் மாஸ்க்கைத் தாடையில் இறக்கிவிட்டுக்கொண்டு நிற்கிற நர்ஸையும், மாஸ்க்கே இல்லாமல் அந்தக் கட்டிலடியில் குனிந்து கூட்டுகிறவரையும் இன்றைக்கும் பார்க்கிறேன். ஊசி குத்திக் கை கிழிந்து வருகிற தூய்மைப் பணியாளர்களையும் பார்க்கிறேன். மஞ்சள் காமாலை பி கிருமிக்கு ஒரு துளி ரத்தம் போதும்.

2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளில் எல்லாம் எழுதித்தான் இருக்கிறது. கழிவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் தகுந்த பாதுகாப்புச் சாதனம் தர வேண்டும், பயிற்சி தர வேண்டும், ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் டெட்டனஸ் தடுப்பூசியும் போட வேண்டும், வருடத்துக்கு ஒருமுறை உடல் பரிசோதனை செய்ய வேண்டும். கான்ட்ராக்ட் ஆள் என்பது இதற்குச் சாக்காகாது. மருத்துவமனை நடத்துகிறவர்கள் தங்கள் ஸ்டாக் நோட்டை ஒருமுறை திறந்து, கடைசியாக வேலை பார்க்கிற ஆளுக்கும் அதில் கட்டம் இருக்கிறதா என்று பார்க்கட்டும். நீங்களும் அடுத்த முறை சொந்தக்காரரைச் சேர்க்க ஆஸ்பத்திரிக்குப் போனால், டாக்டர் பெரிய ஆளா என்று விசாரிப்பதோடு நிற்காதீர்கள். தரையைத் துடைக்கிற அம்மாவின் கையில் கனமான கையுறை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கே பொறுப்பில் இருக்கிறவரிடம் ஏன் இல்லை என்று வாய் திறந்து கேளுங்கள்.